கன்னத்துக்கும் ஸ்கானா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

வாய் உலர்கிறது, கண் உறுத்துகிறது என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு தொழில். ஆனால் "இதையெல்லாம் ஒரு வருத்தமென்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்ற வரி ஏறத்தாழ எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. கூச்சப்பட எதுவுமில்லை. ஸ்கான் அறையில் வேலை செய்பவள் என்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த அறையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு வயது 48. இரண்டு வருடமாக வாய் காய்ந்து கிடக்கிறது. ஒரு வாய் புட்டு விழுங்க ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். பற்கள் முரசோரத்தில் கறுத்து உடைகின்றன. கண்ணுக்குள் மண் கிடப்பதாகவே உறுத்துகிறது. சோளகம் வீசத் தொடங்கினால் முற்றத்தில் இறங்க முடியாது. விரல் மூட்டுகளிலும் நோவு. போன மாதம் இரண்டு கன்னமும் வீங்கின. கூகைக்கட்டு என்று நினைத்து வீட்டு வைத்தியம் செய்தோம். இப்போது கிளினிக்கில் கன்னத்துக்கு ஸ்கான் எடுக்கத் துண்டு தந்திருக்கிறார்கள். வயிற்றுக்குத்தானே ஸ்கான் எடுப்பார்கள்? புற்றுநோய் என்று நினைக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வட்டக்கச்சி

பதில்: அக்கா, உங்களுக்குத் துண்டு எழுதித் தந்தவர் சரியான இடத்தில் தேடுகிறார். முதலில் பயத்தை விடுங்கள்; அவர் புற்றுநோயைத் தேடி அனுப்பியதாக எனக்குத் தோன்றவில்லை. உலர்ந்த வாய், உறுத்தும் கண், மூட்டு நோவு, இரண்டு கன்னத்திலும் வீக்கம் ஆகிய நான்கும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் ஷோகிரன் நோயா என்று பார்த்தே ஆகவேண்டும். நம்மைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் நமது உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் கூட்டமாகப் புகுந்து அவற்றையே சிதைப்பதுதான் இந்த நோய். ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் ஒன்பது பேருக்கு வருகிறது. அதிலும் 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில்தான் கூடுதலாகப் பிடிபடுகிறது. சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோகிரன் 1933ஆம் ஆண்டு தமது ஆய்வேட்டில் இப்படிப்பட்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. உங்கள் விரல் நோவைப் படித்ததும் அந்தப் பதின்மூன்று பேரின் நினைவுதான் வந்தது.

இனி ஸ்கானுக்கு வருவோம். வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அதே இயந்திரம்தான். கைப்பிடி மட்டும் வேறு; தட்டையாக, விரலளவு அகலத்தில் இருக்கும். அதிலிருந்து செல்லும் ஒலி செக்கனுக்கு ஒரு கோடி தடவைக்கு மேல் அதிரும். நம் காதுக்குக் கேட்காது. அவ்வளவு நுண்மையான ஒலி உடலுக்குள் ஆழமாகப் போகாது. ஆனால் தோலுக்குச் சற்றுக் கீழே இருப்பவற்றை மிகத் துல்லியமாகக் காட்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் அப்படித் தோலை ஒட்டி இருப்பது நமது அதிர்ஷ்டம். எக்ஸ்-கதிர் இல்லை, ஊசி இல்லை, வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, சிறுநீரை அடக்கிக்கொண்டு வாங்கில் காத்திருக்கவும் தேவையில்லை. தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு வந்தால் நல்லது.

மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். தோளின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் காதுக்கு முன்னால் படும்போது உடல் ஒருமுறை சிலிர்க்கும், நோவு கிடையாது. காதின் முன்னும் கீழுமாகப் பரந்திருக்கும் கன்னச் சுரப்பியை, கைப்பிடியை நிமிர்த்தியும் கிடத்தியும் பிடித்துப் பார்ப்போம். பிறகு தாடை எலும்புக்கு அடியில் இருக்கும் சுரப்பி. பிறகு மறுபக்கம். இந்த நான்கும்தான் முக்கியம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

திரையில் என்ன தெரியும்? நலமான சுரப்பி, அரித்த அரிசிமாவைச் சுளகில் பரப்பிவிட்டது போல ஒரே சீராக, பக்கத்துத் தசையைவிட வெளிச்சமாகத் தெரியும். ஷோகிரன் நோய் பிடித்த சுரப்பியில் அந்த மாவின் மேல் மழைத்தூறல் விழுந்த கோலம்: சின்னச் சின்னக் கரும் புள்ளிகள், வட்டங்கள். நோய் முற்றினால் கருமை சுரப்பி முழுவதும் பரவும். இடையிடையே வெள்ளை நார்கள் ஓடும். தாடைச் சுரப்பியின் விளிம்பு எங்கே முடிகிறதென்றே தெரியாமல் மங்கிவிடும். அதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு மறக்காது.

ஆனால் ஸ்கான் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. 2016ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத வைத்தியர்கள் சேர்ந்து வகுத்த முறையில் பரிசோதனைகளுக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். இரத்தத்தில் 'ரோ' என்ற பிறபொருளெதிரி (நம் உடலின் கலங்களையே எதிர்க்கும் புரதம்) இருந்தால் 3. கீழுதட்டின் உட்பக்கத்திலிருந்து எடுக்கும் சிறு சுரப்பிகளில் வெண்குருதிக் கலக் கூட்டம் போதிய அளவு இருந்தால் 3. கண்ணீரைக் கடதாசித் துண்டால் அளப்பது, கண்ணின் மேற்பரப்பில் சாயமிட்டுப் பார்ப்பது, உமிழ்நீரை அளப்பது, இவற்றுக்கு ஒவ்வொன்று. 4 புள்ளி சேர்ந்தால் ஷோகிரன். அந்தப் பட்டியலில் ஸ்கான் இல்லை. பின்னர் வந்த ஆய்வுகள் பல, ஸ்கானையும் சேர்த்துக்கொண்டால் நோய் தவறிப்போவது குறையும் என்று காட்டியிருக்கின்றன.

உங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கானின் பெரும் பயன் இன்னொன்று. கிளிநொச்சியிலேயே ஸ்கான் இயந்திரம் இருக்கிறது. சுரப்பியில் கரும் புள்ளிகள் தெரிந்தால், அடுத்து ரோ பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பவும் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதவும் வைத்தியருக்குத் தயக்கம் இராது. ரோ இருந்து, உமிழ்நீரும் குறைவென்று அளந்துவிட்டால் 4 புள்ளி வந்துவிட்டது. உதட்டில் கத்தி வைக்கவே தேவைப்படாமல் போகலாம். ரோ இல்லாவிட்டால்தான் உதட்டுப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், ஓரிரு தையல் வரும். சிலருக்கு அந்த இடம் கொஞ்ச நாள் விறைத்திருக்கும்; அரிதாகச் சிலருக்கு அந்த விறைப்பு நிலைத்தும் விடுகிறது.

உமிழ்நீர் அளப்பது மிக எளிது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, பேசாமல் மெல்லாமல் அமர்ந்து, 15 நிமிடம் ஊறுவதை ஒரு கோப்பையில் துப்ப வேண்டும். ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து அளந்து 1.5 மில்லிலீற்றரோ அதற்குக் குறைவோ இருந்தால் அது நோயளவு. நலமான உடல் நாளொன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர்வரை சுரக்கிறது என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள், நீங்கள் எவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்று.

பல்லுக்கு இன்றே தொடங்குங்கள். உமிழ்நீர்தான் பல்லின் காவல். அது போனதால்தான் முரசோரத்தில் சொத்தை. புளோரைட் உள்ள பற்பசை, படுக்குமுன் கட்டாயம் ஒருமுறை. வாய் காய்கிறதென்று டொஃபியோ கற்கண்டோ அடக்கிக்கொள்ள வேண்டாம். பிளேன்டீக்குப் பனங்கட்டி கடிப்பதும் அப்படித்தான். சீனி இல்லாத சூயிங்கம் கிடைத்தால் மெல்லுங்கள், சுரப்பியில் மிஞ்சியிருக்கும் உயிர் அதனால் தூண்டப்படும். வெற்றிலையும் புகையிலையும் அறவே வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு இதே சந்தேகத்தில் ஸ்கான் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் காயப்பட்டதில் அவருடைய கன்னத்திலும் தோளிலும் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. "உடம்பில் இரும்பு இருந்தால் ஸ்கானுக்குள் போகக் கூடாது" என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா வரமாட்டேன் என்கிறார்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, ஊரில் சொல்வது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைப் பற்றியது. அதில் மிகப் பலம் வாய்ந்த காந்தம் இருக்கிறது. உடலில் உலோகத் துண்டு இருப்பவர் அதற்குள் போகுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்கு அருகில் இருந்தால் பெரிய ஆபத்து. அந்த எச்சரிக்கையை ஊர் மறக்காமல் வைத்திருப்பது நல்லதே.

இந்த ஸ்கானில் காந்தம் கிடையாது. வெறும் ஒலி. துண்டு சூடாகாது, அசையாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படுக்கையில் ஏறுமுன்னரே, துண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று ஸ்கான் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய எக்ஸ்-கதிர்ப் படம் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். உலோகத் துண்டு திரையில் பளிச்சென்ற வெள்ளையாக, பின்னால் வால் நீண்டு தெரியும். தெரியாதவர் அதைச் சுரப்பிக் கல்லென்று எழுதிவிடக்கூடும். காயம் ஆறிய தழும்பும் சுரப்பியின் சீரைக் கெடுக்கும். அப்படியானவர்களுக்கு நான் காயப்படாத பக்கத்தையும் தாடைக்கடிச் சுரப்பிகளையும்தான் நம்புவேன். ஷோகிரன் நோய் ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. தழும்பின் கேடோ காயம் பட்ட பக்கத்தில் மட்டுமே நிற்கும்.

இந்தக் கேள்வியை வேறெந்த நாட்டுப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. எங்கள் ஸ்கான் அறைகளில் இதைக் கேட்பது வழக்கமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 41, ஆசிரியை. வகுப்பில் ஒரு பாடவேளை பேசி முடிப்பதற்குள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தூக்கமில்லை என்று ஒரு வருடமாக இரவில் அமிட்ரிப்டிலின் குடிக்கிறேன். ஸ்கான் அறிக்கையில் "கட்டி எதுவும் இல்லை" என்று இருந்தது. "கவலையை விடுங்கள், பழையதை யோசிக்காதீர்கள், வாய் தானாக நனையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் நடிக்கவில்லை டொக்டர்.
– வாசகி, மல்லாவி

பதில்: நீங்கள் நடிக்கவில்லை என்பதை முழுமையாக நம்புகிறேன். வன்னியில் ஒரு பெண் எந்த வருத்தத்தைச் சொன்னாலும் "யுத்தக் கவலை" என்று எழுதிவிடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. கவலையாலும் வாய் உலரும், அது உண்மை. ஆனால் அது மற்றதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு வரவேண்டிய முடிவு.

உங்கள் கடிதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் வாயை நன்றாகவே உலர்த்தும் மாத்திரை. சுரப்பிக்கு "சுர" என்று நரம்பு அனுப்பும் செய்தியை அது மறிக்கிறது. சுரப்பி கெடுவதில்லை, அதனால் ஸ்கானில் சுத்தமாகத் தெரியும். தடிமனுக்கும் சொறிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமினும் இதே வேலையைச் செய்யும். கட்டுப்படாத நீரிழிவும் வாயை உலர்த்தும். ஆகவே முதல் கேள்வி: மாத்திரை தொடங்குமுன் வாய் எப்படி இருந்தது? அதற்கு முன் நன்றாக இருந்ததென்றால் மாத்திரையை மாற்ற முடியுமா என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்.

இனி அறிக்கை. "கட்டி எதுவும் இல்லை" என்பது கட்டியைத் தேடியதற்கான பதில். துண்டில் "கன்ன வீக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்கான் செய்பவர் கட்டியைத்தான் தேடுவார். சுரப்பியின் இழையம் சீராக இருக்கிறதா, கரும் புள்ளிகள் உண்டா, நான்கையும் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. அது அறிக்கையில் இல்லையென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றே பொருள். அடுத்த கிளினிக்கில், "வாயும் கண்ணும் உலர்வு, ஷோகிரன் நோய் சந்தேகம், சுரப்பி இழையம் பார்க்கவும்" என்று துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி ஸ்கான் அறையில் எங்கள் கண்ணைத் திருப்பிவிடும்.

அப்படிப் பார்த்தும் சீராக இருந்தால்? அப்போதும் கதவு மூடவில்லை. நோயின் தொடக்கத்தில் சுரப்பி வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கக்கூடும். ஸ்கானில் தெளிவாகக் கெட்டிருந்தால் அதைப் பெரிதும் நம்பலாம். நலமாகத் தெரிந்தால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஸ்கான் காட்டுவது சுரப்பியின் உருவத்தை. உமிழ்நீர் எவ்வளவு ஊறுகிறதென்று அது அளப்பதில்லை. மாத்திரையை மாற்றிய பிறகும் உலர்வு தொடர்ந்தால் ரோ பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஷோகிரன் நோய் என்று உறுதியான என் மகள் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. ரோ இருக்கிறதாம். குழந்தைக்கு என்ன ஆகும்?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, ரோ பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ரோ உள்ள தாய்மார் 100 பேரில் ஒருவர் அல்லது இருவரின் குழந்தைக்கு மட்டும் இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு, துடிப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அது பெரும்பாலும் 16ஆவது வாரத்துக்கும் 26ஆவது வாரத்துக்கும் இடையில் நடக்கிறது. ஆகவே மகப்பேற்று நிபுணரிடம் இப்போதே சொல்லி, அந்த வாரங்களில் குழந்தையின் இதயத்தை ஸ்கானில் தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மகளின் கர்ப்பகாலப் பதிவேட்டில் "ரோ உண்டு" என்று முன்பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குடும்ப நல மாதுக்கும் அது தெரிய வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரை குடிப்பவரானால், கர்ப்பம் என்பதற்காகப் பயந்து தாமாக நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்தில் அதைத் தொடர்வதே வழக்கம்.

கேள்வி: கிராமப்புற வைத்தியசாலையொன்றில் வைத்திய உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் ஸ்கான் இயந்திரத்தில் கழுத்தைப் பார்க்கும் தட்டைக் கைப்பிடி உண்டு. சுரப்பியை எப்படித் தரம் பிரிப்பது?
– வாசகர், மாங்குளம்

பதில்: கேட்டதற்கே மகிழ்ச்சி. 1992இல் இத்தாலிய வைத்தியர்கள் முதன்முதலில் ஒரு தரவரிசை வகுத்தார்கள். பிறகு பலர் பலவிதமாக வகுத்தார்கள், 48வரை புள்ளி போடும் முறைகூட வந்தது. கையில் கற்றுக்கொள்ள மூட்டுவாத ஆய்வாளர்களின் சர்வதேசக் குழுவான ஒமெராக்ட் 2019இல் வெளியிட்ட முறையே போதும். சீரான இழையம் 0. லேசாகச் சீர் கெட்டு, கரும் புள்ளி எதுவும் இல்லாவிட்டால் 1. அங்குமிங்கும் கரும் புள்ளிகள் தெரிந்தால் 2. சுரப்பி முழுவதும் கருமை, அல்லது நாராகிப் போயிருந்தால் 3. ஷோகிரன் என்று சந்தேகிக்க 2 முதல்தான். 1ஐ வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். வயது போனவர்களிடமும் அது காணப்படும்.

முதலில் நலமானவர்களின் கழுத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். தைரொயிட் சுரப்பியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நலமான உமிழ்நீர்ச் சுரப்பி ஏறத்தாழ அதே வெளிச்சத்தில் இருக்கும். நீரிழிவு, உடற்பருமன் உள்ளவர்களின் கன்னச் சுரப்பி பெருத்து வெளிறித் தெரியும், புள்ளி இராது. தாடைக்கடிச் சுரப்பிகள் மட்டும் கல்லைப் போல இறுகி வீங்கியிருந்தால் ஐஜிஜி4 நோயை நினையுங்கள். எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி, சார்கொயிட் ஆகியவையும் இதே புள்ளிகளைக் காட்டக்கூடும். படங்களைச் சேமித்து அனுப்புங்கள். படம் கூட வந்தால், நோயாளியை ஏ9 வீதியில் இன்னொருமுறை அலைக்கழிக்காமல் நிபுணரால் முடிவெடுக்க முடியும்.

கேள்வி: சாப்பிட உட்கார்ந்தால் ஒரு பக்கத் தாடைக்குக் கீழ் வீங்கி நோகிறது. ஒரு மணி நேரத்தில் வற்றிவிடும். இதுவும் அந்த நோயா?
– வாசகர், பூநகரி

பதில்: அநேகமாக இல்லை. உமிழ்நீர் வரும் குழாயில் கல் அடைத்திருக்கலாம். அதையும் இதே ஸ்கானில் பார்க்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சலோ சீழோ கண்டால் உடனே போங்கள்.

கேள்வி: ஷோகிரன் நோய்க்கு ஆறு வருடமாகக் கிளினிக் போகிறேன். இடது கன்னம் மட்டும் மூன்று மாதமாக வற்றாமல் இருக்கிறது, நோவு இல்லை. அடுத்த கிளினிக் ஐந்து வாரத்தில். அதுவரை பொறுக்கலாமா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: பொறுக்க வேண்டாம், தங்கச்சி. இந்த நோயுள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வாழ்நாளில் நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. அது வர விரும்பும் இடங்களில் கன்னச் சுரப்பி முக்கியமானது. வந்து போகும் வீக்கம் இந்த நோயில் வழக்கம். வந்து நிற்கும் வீக்கம், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் நோவில்லாமல் நின்றால், அதைப் பார்த்தாக வேண்டும். ஸ்கானில் மற்றப் புள்ளிகளைவிடப் பெரிதாக, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஒரு கரும் பகுதி தெரிந்தால், ஸ்கானைப் பார்த்துக்கொண்டே ஊசியால் அந்த இடத்திலிருந்து இழையம் எடுத்து அனுப்பலாம். புற்றுநோயாக இருந்தாலும், பெரும்பாலும் அது மெதுவாக வளரும் வகை, மருந்துக்குக் கட்டுப்படும். அப்படி எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

காலில் சிவந்த புள்ளிகள், காரணமில்லாத காய்ச்சல், உடல் மெலிவு, கழுத்தில் நெறி கட்டுவது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கான் அறிக்கைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே வவுனியாவுக்குப் போங்கள். "திகதி இன்னும் வரவில்லை" என்று வாசலில் திருப்பினால், கன்னத்தைக் காட்டி, மூன்று மாதமாக வற்றவில்லை என்று சொல்லுங்கள். திரும்பி வரவேண்டாம், வைத்தியரைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.